அம்மாவோட பிபி குழந்தையோட சீட்டுலயும் இருக்கணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கர்ப்பிணிகளுக்கு பிபி வர்றதப் பத்தி பேப்பர்ல எப்ப படிச்சாலும் அம்மா உயிரக் காப்பாத்துறதோட செய்தி முடிஞ்சுபோகுது. பொறந்த புள்ள அதுக்கப்புறம் எப்படி வளருதுன்னு யாரும் எழுதுறதில்ல. நான் பட்டத சொல்றேன், தயவுசெஞ்சு போடுங்க.

ஏழாம் மாசம் எனக்கு வளைகாப்பு போட்டாங்க. பத்தே நாள்ல கண்ணாடி வளையல் கையில இறுகி சதையில தடம் விழுந்துருச்சு, மெட்டிய கழட்டவே முடியல. மாமியார் "நீர் கோத்திருக்கு, மாசமா இருந்தா வீங்கத்தான் செய்யும்"னு பார்லி கஞ்சி காய்ச்சிக் குடுத்தாங்க, பாவம் அவங்க காலத்துல அப்படித்தான் எல்லாரும் செஞ்சிருக்காங்க. ரெண்டு நாளா விடாத தலைவலி, கண்ணு முன்னாடி பூச்சி பறக்குற மாதிரி வேற. கிராம சுகாதார நர்ஸ் வந்து பிபி பாத்தாங்க, 170/110. அன்னிக்கே ஆம்புலன்ஸ். (140/90 தாண்டினாலே டாக்டர்கிட்ட போகணும்னு எனக்கு அப்பத்தான் தெரியும்.)

இடுப்புல ரெண்டு பக்கமும் மக்னீசியம் ஊசி போட்டாங்க, உடம்பெல்லாம் நெருப்புப் பட்ட மாதிரி எரிஞ்சுது. அப்பப்ப வந்து முட்டிய சின்ன சுத்தியலால தட்டி கால் உதறுதான்னு பாப்பாங்க, யூரின் பையில எவ்வளவு சேர்ந்திருக்குன்னு அளப்பாங்க. வலிப்பு வராம இருக்கத்தான் அந்த ஊசி. 33 நாடுகள்ல சுமார் பத்தாயிரம் கர்ப்பிணிகள்கிட்ட நடந்த ஆய்வு 2002ல வெளிவந்துச்சு, வலிப்பு வர்ற ஆபத்து இதால பாதியா குறையுதுன்னு அதுலதான் உறுதியாச்சு. ரொம்ப குறைமாசத்துல பொறக்கற புள்ளைக்கு கை கால் அசைவ பாதிக்கற மூளைவாதம் வர்ற வாய்ப்பையும் இது குறைக்கும்ங்கிறாங்க. 32 வாரத்துல ஆபரேஷன் பண்ணி பையன எடுத்தாங்க, 1 கிலோ 300 கிராம்.

வீட்டுக்கு அனுப்பும்போது என் ஃபைல் அவ்வளவு கனம். புள்ளையோட சீட்டுல குறைமாசம், எடை கம்மின்னு ஒரே வரி, எனக்கு பிபி இருந்ததப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

பையன் லேட்டாத்தான் நடந்தான். ரெண்டரை வயசுலயும் நாலஞ்சு வார்த்தைக்கு மேல வரல, கூப்பிட்டா திரும்பிப் பாக்கறதும் கம்மி. ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும், அவங்கப்பாவும் அப்படித்தான்னு வீட்டுல சொல்லிச் சொல்லி நாள் ஓடிருச்சு. கடைசியில மாவட்ட ஆஸ்பத்திரியில டிஇஐசின்னு வளர்ச்சியில பின்தங்கற குழந்தைங்களுக்கு ஒரு மையம் இருக்கு, பேச்சுப் பயிற்சி எல்லாம் இலவசம்னு ஒருத்தங்க சொல்லிப் போனோம். அங்க இருந்த தெரபிஸ்ட் மொத கேள்வியே "கர்ப்பத்துல பிபி இருந்துச்சாம்மா?"ன்னுதான். ரெண்டரை வருஷத்துல அதக் கேட்ட மொத ஆள் அவங்கதான், எனக்கு அழுகையே வந்துருச்சு.

அவங்களும் குழந்தை டாக்டரும் சொல்லித்தான் புரிஞ்சுது. பிரீஎக்ளாம்சியான்னு சொல்ற இந்த பிபியில, பெரும்பாலும் ஆரம்பத்துலயே கர்ப்பப்பையில இருந்து நஞ்சுக்கொடிக்கு போற ரத்தக்குழாய் சரியா விரிஞ்சு குடுக்காதாம், நாள் ஆக ஆக புள்ளைக்கு ஆக்சிஜனும் சத்தும் குறையும். அப்ப புள்ள மத்த உறுப்புகளுக்கு போறத கொறைச்சு மூளைக்கு ரத்தத்த திருப்பி விடும், ஸ்கேன்லயே அத பாக்கலாமாம், ஆனா அதுவும் எவ்வளவு நாள் தாங்கும்? அதுக்கு மேல அம்மா உயிருக்காக சீக்கிரமா வெளிய எடுக்கணும். 35 வாரத்துலயே மூளையோட எடை முழு மாசத்துல இருக்கறதுல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்குதானாம், மீதி வயித்துக்குள்ள வளர வேண்டியது, என் பையன் 32லயே வந்துட்டான்.

இத படிச்சு மாசமா இருக்கற யாரும் பயந்துறாதீங்க. 2018ல அயர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் பழைய ஆய்வுகள எல்லாம் ஒண்ணா சேர்த்துப் பாத்ததுல, இந்த பிபி வந்த அம்மாக்களோட புள்ளைங்களுக்கு ஆட்டிசம், ஏடிஹெச்டி (கவனக்குறைவும் அடங்காத துறுதுறுப்பும்) வர்ற வாய்ப்பு சுமார் 30 சதவீதம் கூடன்னு வந்துச்சு. கேக்க பெருசா இருக்கும், ஆனா ஆயிரத்துல 10 பேர்னு இருந்தா 13 பேர் ஆகும், அவ்வளவுதான். பிபி மட்டுமேதான் காரணம்னும் சொல்லிற முடியாது, குறைமாசம், பரம்பரைன்னு பலதும் கலந்திருக்கு. பெரும்பாலான புள்ளைங்க நல்லாவே வளருது. அதே நேரம் பின்தங்கற புள்ளைய சீக்கிரம் கண்டுபுடிச்சா பயிற்சியையும் சீக்கிரம் ஆரம்பிக்கலாம் இல்லையா, எங்களுக்கு அதுதான் கை நழுவிப் போச்சு.

தடுக்கறதுக்கும் வழி இருக்கு. ஆபத்து அதிகம் உள்ளவங்களுக்கு மூணு மாசம் முடியற சமயத்துல கம்மி டோஸ் ஆஸ்பிரின் தர்றாங்க, என் நாத்தனாருக்கு ஏற்கனவே பிபி உண்டு, இப்ப அதத்தான் போடுறா. டாக்டர கேக்காம யாரும் தானா போட்டுறாதீங்க.

சுகாதாரத்துறைக்கு என் கோரிக்கை ஒண்ணுதான். எனக்கு பிபி பாத்ததும் என் பையனுக்கு ஊசி போட்டதும் ஒரே நர்ஸ்தான், அவங்க நோட்டுல ரெண்டும் இருக்கு, ஆனா ஒரு பக்கத்துல இருந்தது அடுத்த பக்கத்துக்கு வரல. புள்ளையோட டிஸ்சார்ஜ் சீட்டுலயும் ஊசி அட்டையிலயும் "தாய்க்கு கர்ப்பகால பிபி"ன்னு எழுதச் சொல்லுங்க. ஒன்பதாம் மாச ஊசிக்கும் ஒன்றரை வயசு ஊசிக்கும் எப்படியும் தூக்கிட்டு வருவாங்க, அப்ப அந்த வரியப் பாத்துட்டு குழந்தை கூப்பிட்டா திரும்புதா, உக்காருதா, பேசுதான்னு கேட்டு, சந்தேகம் இருந்தா அன்னிக்கே டிஇஐசிக்கு எழுதிக் குடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
விழுப்புரம் மாவட்டம்