ஆண்டறிக்கை 2024–25: குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் பொதுக்குழுவில் வாசித்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமைக் காலையை ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

வழக்கமான பணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் முதல் ஞாயிறன்று கூடியது. டிசம்பர் முதல் தேதிக் கூட்டம் மட்டும் ஃபெஞ்சல் புயலால் நடக்கவில்லை. பூங்கா நடைபாதை சரிசெய்யப்பட்டது, பழுதான கேமராக்கள் மாற்றப்பட்டன. சந்தா, வரவு, செலவு விவரங்களைத் தணிக்கை அறிக்கையோடு பொருளாளர் வாசிப்பார்.

மீதி நேரத்தை ஒரே விஷயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். அது தேர்தல். நம் சங்கம் எந்தக் கட்சியையும் சேராதது. துணைவிதியிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறோம். அதனால் "நமக்கு எதற்கு இந்த வேலை" என்று செயற்குழுவிலேயே சிலர் கேட்டார்கள். ஏன் செய்தோம் என்பதற்கான விளக்கமாகவும் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க ஒரே நாளில் வாக்குப்பதிவு. மாநில அளவில் இறுதிக் கணக்கின்படி 69.72 சதவீதம் பதிவானது, தர்மபுரியில் 81 சதவீதத்தைத் தாண்டியது. நம் தென்சென்னைத் தொகுதியில் 54.17, பக்கத்து மத்திய சென்னையில் 53.96. சென்னையில் இவ்வளவு கல்லூரிகள், இவ்வளவு அலுவலகங்கள் இருந்தும் பாதியை ஒட்டித்தான் வந்தது. அன்று மதியம் இரண்டு மணிக்கு நம் சாவடிப் பள்ளிக்கூடத்தில் வரிசையே இல்லாததை நான் பார்த்தேன். வெயில் ஒரு காரணம், மூன்று நாள் சேர்ந்தாற்போல் வந்த விடுமுறை இன்னொரு காரணம். ஆனால் அவை மட்டும்தான் காரணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனவே மே மாதத்தில் இரண்டு ஞாயிறு தெருத் தெருவாகப் போனோம். யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று எவரையும் கேட்கவில்லை. போடாதவர்களிடம் மட்டும் ஏன் போகவில்லை என்று கேட்டோம். "எல்லாரும் ஒண்ணுதான் சார்", "ஜெயிச்சப்புறம் யாரு இந்தப் பக்கம் வர்றாங்க?" என்ற பதில்கள்தான் அதிகம். வாக்குப்பதிவு அன்று இரவு 72.09 சதவீதம் என்று அறிவித்து, பிறகு 69.46 என்று மாற்றினார்களே, அதைச் சொல்லி "எண்ணிக்கையே நிலையா இல்லையே" என்று கேட்டவரும் உண்டு. முதலில் சொன்னது உத்தேசக் கணக்கு என்று விளக்கினோம். அவருக்கு அது போதவில்லை. நம்பிக்கை ஏற்கெனவே தேய்ந்துபோன இடத்தில் சின்ன மாற்றம்கூடப் பெரிதாகத்தான் தெரியும்.

இன்னொரு வகையினரும் இருந்தார்கள். ஓட்டுப் போட ஆசைப்பட்டுச் சாவடி வரை போய், பட்டியலில் பெயர் இல்லாமல் திரும்பியவர்கள். வாடகை வீடு மாறியபோது முகவரி மாற்றத்துக்கான படிவம் 8 கொடுக்காதவர்கள், சொந்த ஊரிலேயே பெயரை வைத்திருப்பவர்கள். இவர்களை அக்கறை இல்லாதவர்கள் என்று சொல்வது நியாயமே இல்லை. அதே தேர்தலில் மூன்றாவது தெருவில் 85 வயது கடந்த ஒரு பாட்டி படிவம் 12டி கொடுத்து, வீட்டுக்கே வந்த குழுவிடம் தபால் வாக்கு அளித்திருந்தார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்கமாட்டேன்.

அப்புறம், நம் மூத்த உறுப்பினர் ஒருவர் ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். 2011 அக்டோபரில் நம் பகுதி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்ததிலிருந்து, ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் நம் வாசலில் நின்று சொன்னதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். அந்த ஆண்டு உள்ளாட்சித் தேர்தல், பிறகு 2014, 2016, 2019, 2021, 2022, 2024 என ஏழு தேர்தல்கள். ஏழிலும் பாதாள சாக்கடை வருகிறது. கட்சி மாறுகிறது, ஆள் மாறுகிறது, "ஆறு மாதத்தில்" என்ற சொல் மாறவில்லை. அந்த நோட்டைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஓட்டுப் போடப் போகாத பக்கத்து வீட்டுக்காரர் மீது இருந்த கோபமும் போய்விட்டது.

ஆனால் அதே நோட்டில் இன்னொன்றும் தெரிந்தது. மக்களவைக்கு நின்றவர் தெருவிளக்கு போடுவதாகச் சொல்லியிருக்கிறார். கவுன்சிலர் பதவிக்கு நின்றவர் மெட்ரோ ரயில் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். தன் கையில் இல்லாததைத்தான் பலர் வாக்குறுதியாகக் கொடுத்திருக்கிறார்கள். நாமும் கேள்வி கேட்காமல் கைதட்டியிருக்கிறோம். ஒரு எம்.பி.க்குத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். தென்சென்னையில் விருகம்பாக்கம், சைதாப்பேட்டை, தி.நகர், மயிலாப்பூர், வேளச்சேரி, சோழிங்கநல்லூர் என ஆறு சட்டமன்றத் தொகுதிகள். பிரித்துப் பார்த்தால் ஒன்றுக்கு ஒரு கோடிகூட வராது. அதில் நம் நகருக்குப் பாதாள சாக்கடை எப்படி வரும்? மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குப்பை எல்லாம் மாநகராட்சி வேலை. பாதாள சாக்கடை குடிநீர் வாரியத்தின் வேலை. இந்த வேறுபாடு தெரியாமல் தப்பான கதவைத் தட்டித் தட்டியே சலித்துப்போயிருக்கிறோம்.

வாக்குறுதியை நிறைவேற்றாதவர் மீது வழக்குப் போட முடியாதா என்று பலர் கேட்டீர்கள். நம் மாநிலத்தில் இலவசப் பொருட்கள் வழங்கியது தொடர்பான வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தேர்தல் அறிக்கையில் தரும் வாக்குறுதி, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவில் சொல்லும் ஊழல் நடவடிக்கை ஆகாது என்பது தீர்ப்பு. அதே தீர்ப்பின்படி தேர்தல் ஆணையம் தேர்தல் அறிக்கைகளுக்கு வழிகாட்டுதல் வகுத்தது. வாக்குறுதிக்கான காரணத்தையும், பணம் எங்கிருந்து வரும் என்பதையும் கட்சிகள் ஓரளவாவது சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. வாசலுக்கு வருகிறவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே: எந்தத் துறை, எந்தப் பணம், எப்போது?

இந்த ஆண்டு நாம் செய்தது இதுதான். நோட்டில் இருந்த வாக்குறுதிகளை எம்.பி., எம்.எல்.ஏ., கவுன்சிலர், துறை என்று பிரித்து எழுதினோம். பாதாள சாக்கடைக்காக உரிய அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டோம். சட்டம் சொல்லும் 30 நாளுக்குள் பதில் வந்தது. நம் தெருக்கள் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் இருக்கின்றன, மதிப்பீடு தயாராகிறது என்று எழுத்தில் கிடைத்தது. சாக்கடை வந்துவிடவில்லை, தெரியும். ஆனால் ஏழு தேர்தலில் வாய்வார்த்தையாக மட்டுமே கிடைத்தது முதல்முறை ஒரு காகிதத்தில் கிடைத்திருக்கிறது. அந்தக் கடித நகலைச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம்.

புறக்கணிப்பு பற்றியும் சொல்ல வேண்டும். அடுத்த தேர்தலை நம் நகர் மொத்தமாகப் புறக்கணிக்கலாம் என்று ஜூலை கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்க்கும் ஏகனாபுரம் மக்கள் 2024இல் புறக்கணித்ததைச் சுட்டிக்காட்டினார்கள். அவர்கள் நிலத்தைக் காக்க ஊரே கூடி எடுத்த முடிவு அது. நாம் வீட்டில் படுத்திருப்பதை அதோடு சேர்ப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை இல்லை என்று நான் அப்போதே சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். யாரும் பிடிக்கவில்லை என்றால் 2013 முதல் நோட்டா பொத்தான் இருக்கிறது. அது முதலிடம் பெற்றாலும் அடுத்து வந்தவரே ஜெயித்தவர் என்பது உண்மைதான். இருந்தாலும் நம் அதிருப்தி கணக்கில் ஏறும். யோசனை வாக்கெடுப்புக்கு விடப்பட்டு நிராகரிக்கப்பட்டது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த மாநகராட்சித் தேர்தல். 2016 அக்டோபருக்குப் பிறகு ஐந்து ஆண்டுக்கும் மேல் கவுன்சிலரே இல்லாமல் தனி அலுவலர் நிர்வாகத்தில் இருந்தோம். ஒரு விளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தவித்தோம். கடைசியில் மாநகராட்சித் தேர்தல் வந்தபோது சென்னையில் 44 சதவீதம்கூடப் பதிவாகவில்லை. நம் வாசலுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் பதவி அது. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று வார்டு மக்கள் நேரில் கூடித் தங்கள் பகுதித் தேவைகளைப் பேசும் பகுதி சபையின் முதல் கூட்டங்கள் நடந்தன. நம்மில் போனவர்கள் மிகச் சிலர்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு மூன்று தீர்மானங்களை முன்மொழிகிறது. 2026 சட்டமன்றத் தேர்தலுக்கு முன்பே வீடு வீடாகப் பட்டியலைச் சரிபார்த்து, பெயர் சேர்க்கும் படிவம் 6, முகவரி மாற்றும் படிவம் 8 நிரப்ப உதவுவது. ஓட்டுக் கேட்டு வரும் எல்லா வேட்பாளர்களையும் ஒரே மாதிரி வரவேற்று, அவர்கள் சொல்வதை அவர்கள் முன்னாலேயே சங்கப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துக் கேட்பது. பகுதி சபைக்குத் தெருவுக்கு ஒருவரையாவது அனுப்புவது. மூத்த உறுப்பினரின் நோட்டு இப்போது சங்கத்திடம் இருக்கிறது. அதைத் தொடர்ந்து எழுத இளைஞர் ஒருவர் தேவை. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

அறிக்கையையும் தீர்மானங்களையும் ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்