ஆத்தங்கரைப் பிரட்டு

பொஸ்டன்
பெப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூணு வாரம் ஆச்சு. நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம்னே போயிருச்சு, கோவிச்சுக்காத. அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுறப்ப குளிரைப் பத்தி வர்ற எடத்தை மட்டும் தாண்டிப் போயிரு.

கடைசிப் பக்கத்துல சின்னவன் பென்சிலால கேட்டிருந்தான், வள்ளம் வலிக்கச் சொல்லிக் குடுக்கிறதுக்குமா காலேஜ்ல சம்பளம் தருவாங்கன்னு. தருவாங்கடா. இந்த நாட்டுல காலேஜுக்கும் காலேஜுக்கும் நடந்த மொதப் போட்டியே படகுப் போட்டிதான். 1852ல ஹார்வர்டும் யேலும் வலிச்சது. இப்ப வேலை கூட இருக்கிறது பொம்பளப் பிள்ளைங்க டீம்ல. படிக்கிற எடத்துல அவங்களுக்குப் பாரபட்சம் காட்டக் கூடாதுன்னு 1972ல வந்த சட்டத்துக்கு அப்புறம் வளந்தது அது.

காலைல அஞ்சரைக்குப் பிரட்டு, தோட்டத்துல வேலைக்கு முன்னாடி பேர் குடுக்கக் கூடுற மாதிரி. எட்டுப் பேர் வலிக்கிற படகு 17 மீட்டருக்கு மேல, நம்ம தோட்டத்து லயன் வரிசையில அஞ்சு காம்பரா அறை நீளம். அகலம் ஒரு ஆளு குந்துற அளவுதான். எட்டுப் பேரும் போற பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு வலிப்பாங்க. முன்னால பாக்கிறது ஒம்பதாவது ஆளு மட்டும். கொக்ஸ்னு பேரு, என் வாயில கங்காணின்னுதான் வருது. சுக்கானும் அவன் கையிலதான். அதைச் சட்டுன்னு இழுத்தா படகு சாயும், வேகமும் போயிரும்.

கோச்சுன்னா ஒலிபெருக்கியில கத்துறவன்னு சின்னவன் நெனைச்சிருப்பான். பாதி நாள் என் கையில ஸ்பேனர்தான். ரிகர்ங்கிற கம்பிக் கை படகுக்கு வெளிய நீட்டிக்கிட்டிருக்கும், அதோட நுனியில இருக்கிற முளையிலதான் துடுப்பை மாட்டுறது. படகு நடுவிலயிருந்து அந்த முளை வரைக்கும் 84, 85 சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் வெளிய தள்ளினா வலிக்க லேசாகும், ஆனா வீச்சு குறையும். துடுப்போட தகடு நேரா நிக்காம நாலு பாகை சாஞ்சிருக்கணும். சாய்வு குறைஞ்சா ஆழத்துக்கு முங்கும், கூடினா தண்ணி மேல வழுக்கிட்டுப் போயிரும். புதுசா வர்றவங்க தகடு தண்ணியை விட்டு வர்றதுக்குள்ள திருப்பிருவாங்க. அப்ப தண்ணி அதைக் கவ்விக்கும், கைப்பிடி திரும்பி வந்து வயித்துல அடிக்கும். இதுக்கு இங்க நண்டு பிடிக்கிறதுன்னு பேரு.

இப்ப ஆறு உறைஞ்சு கெடக்கு, அதனால உள்ளுக்குள்ள எர்க் மெஷின், தரையிலயே உக்காந்து துடுப்பு மாதிரி வலிக்கிறது. 500 மீட்டருக்கு எத்தனை நிமிஷம்னு அதுல நம்பர் விழும். ரெண்டு நிமிஷம்னா, போட்டித் தூரம் 2,000 மீட்டருக்கு எட்டு நிமிஷம். கொழுந்துத் தராசு மாதிரிதான், மூஞ்சி பாக்காது. பையன்கள் பலத்தைக் காட்டுறேன்னு பக்கத்துல இருக்கிற நெம்பைப் பத்துல தள்ளுவாங்க. அது இடுப்பைத்தான் பிடிக்கும். டிராக்னு அது காட்டுற இழுவை நம்பர் 110க்கும் 130க்கும் நடுவுல இருந்தாப் போதும்.

ஐஸ் உருகின பொறகுதான் பயம். தண்ணி பத்து பாகை செல்சியஸுக்குக் கீழ இருக்கும். விழுந்தா மொத நிமிஷம் மூச்சு திணறும், பத்து நிமிஷத்துல கைகால் வலு போயிரும். அதனால கரைக்கு நீந்தக் கூடாது, படகைப் பிடிச்சுக்கிட்டே கெடக்கணும். கவுந்தாலும் அது மெதக்கும். மோட்டார் படகுல நான் பக்கத்துலயே போவேன். எஞ்சினை நிப்பாட்டுற கயிறு என் காலோட கட்டியிருக்கும். நான் விழுந்தா எஞ்சின் நிக்கணும், இல்லன்னா படகு சுத்தி வந்து ஆளையே வெட்டும்.

சின்னவனுக்கு ஆசை இருந்தா மொதல்ல நீச்சல் படிக்கட்டும், மவுஸாக்கலை நீர்த்தேக்கத்துல இல்ல, நீச்சல் குளத்துல, ஆள் வச்சு. பொறகு என்னை மாதிரி கொழும்புல பேர வாவியில போய் வலிக்கட்டும். இங்க ஏணி இப்படி: வலிச்சவன் சும்மா உதவியா வருவான், அப்புறம் புதுப் பிள்ளைங்களுக்கு உதவிக் கோச், பொறகு ஸ்கூல் ஸ்கூலா போன் போட்டு ஆள் பிடிக்கிற உதவிக் கோச், கடைசியில தலைமைக் கோச். முதலுதவிச் சான்று வேணும், படகு ஏத்துன நீளமான டிரெய்லரை இழுத்து வளைவு திருப்பவும் தெரியணும். உதவிக் கோச்சுக்குப் பல எடத்துல பாதிநேரச் சம்பளந்தான், மத்த நேரம் வேற வேலை பாப்பாங்க. என்னையப் பத்தி யோசிக்காத, எனக்குப் போதுது. போன மாசம் காசு பிந்தினது பேங்க் லீவாலதான்.

சாப்பாடு பரவால்ல. ரொட்டி சுடுறேன். சம்பலுக்குக் காஞ்ச தேங்காப்பூவை வெந்நியில ஊறப்போடணும், அப்பவும் சக்கையாத்தான் இருக்கு. தேயிலைப் பையை ஒருநாள் பிரிச்சுக் கொட்டிப் பாத்தேன், பெக்டரிச் சல்லடையில கடைசியா விழும்னு அப்பா காட்டுவாரே, அந்த டஸ்டு. கொஞ்ச நேரம் மோந்துக்கிட்டே நின்னேன்.

நீர்த்தேக்கத்துல தண்ணி வத்தி, முங்கிக் கெடந்த பழைய மஸ்கெலியா கோயில் வெளிய தெரியுதுன்னு எழுதியிருந்த. அந்த வரியை எத்தனை தரம் வாசிச்சேனோ. சிவனொளிபாத மலைக்கு ஏறுற சீசன் லைட்டு இப்ப நம்ம வாசல்லயிருந்து தெரியும்ல? போன்ல பிடிச்சு அனுப்பு. மங்கலா வந்தாலும் சரி.

அம்மாவோட ஈபிஎஃப், அந்தச் சேமலாப நிதிக் காசு விஷயம்: அடையாள அட்டையில ஒரு பேரு, தோட்டத்துப் பதிவுல ஒரு பேருன்னா அப்படியே குடுக்காத, திருப்பிருவாங்க. கிராம சேவகர்கிட்ட கடிதம் வாங்கு, சமாதான நீதவான் முன்னால சத்தியக் கடதாசி முடிச்சுக்க, ரெண்டையும் சேத்துக் குடு. மூலப் பிரதியை யார்கிட்டயும் விட்டுட்டு வராத. ஏழு பேர்ச்சஸ் காணிப் பத்திரம் அம்மா பேருலயே இருக்கட்டும், பெரியப்பா என்ன சொன்னாலும். கூரைத் தகரத்துக்கு ஆணி அடிக்கிறப்ப மேட்டு மேல அடிக்கச் சொல்லு, பள்ளத்துல அடிச்சா ஒழுகும். றப்பர் வாஷரும் மறக்க வேணாம்.

உன் தம்பி