கெர்பர் ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிவி, மோட்டார் ஸ்டார்ட்டர், வாஷிங் மெஷின் என எதைக் கழற்றினாலும் உள்ளே ஒரு பச்சை போர்டு இருக்குமே, அந்தப் பிசிபியைச் செய்து தரும் சிறிய தொழிற்கூடம் ஒன்றில், கோவையில், கேம் (CAM) பிரிவில் வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளர் அனுப்பும் டிசைன் ஃபைலைச் சரிபார்த்து, எங்கள் இயந்திரங்களுக்கு ஏற்றபடி மாற்றித் தருவது எங்கள் பிரிவின் வேலை. பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் நேரம் வந்துவிட்டால் எங்களுக்குத் தலைவலியும் வந்துவிடும். மின்னணுத் துறை ஆசிரியர்கள் யாராவது படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சில பிள்ளைகள் போர்டின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதே மாதிரி பண்ணிக் கொடுங்க அக்கா" என்பார்கள். படத்தை வைத்துப் போர்டு செய்ய முடியாது. எங்களுக்கு வேண்டியது கெர்பர் ஃபைல்கள், அதாவது போர்டின் ஒவ்வோர் அடுக்கையும் இயந்திரத்துக்குப் புரியும்படி வரைந்து தரும் ஃபைல்கள். சாதாரண இரண்டு அடுக்கு போர்டு என்றால் மேல் காப்பர், கீழ் காப்பர், இரண்டு பக்கமும் மேல்பூச்சான மாஸ்க், எழுத்துகள் அச்சாகும் லெஜண்ட், போர்டின் வெளிக்கோடு என ஒவ்வொன்றுக்கும் தனி ஃபைல். இவற்றோடு, துளைகள் எங்கே, எந்த அளவில் என்று சொல்லும் ட்ரில் ஃபைல். இதை அறிந்து முறையாக அனுப்பும் மாணவர்களும் உண்டு. ஆனால் அனுப்பியதைத் திறந்து பார்த்தவர்கள் அவர்களிலும் குறைவு.

ட்ரில்லில் இருந்து தொடங்குகிறேன், அதிகம் விட்டுப்போவது அதுதான். இப்போது பலரும் போர்டு டிசைன் செய்யப் பயன்படுத்தும் இலவச மென்பொருள் கைகேட் (KiCad). அதில் கெர்பர் எடுக்க ஒரு பொத்தான், ட்ரில் ஃபைல் எடுக்க வேறொரு பொத்தான். முதலாவதை அழுத்தியதும் வேலை முடிந்ததென்று ஜிப் செய்து அனுப்பிவிடுகிறார்கள். போர்டில் ஒரு துளைகூட இல்லாமல் எதைக் கோர்ப்பது? சரி, ட்ரில் வந்தாலும் அடுத்த சிக்கல் இருக்கிறது. பழைய வகை ட்ரில் ஃபைலில் தசமப் புள்ளி எழுதுவதில்லை. புள்ளி எந்த இலக்கத்துக்குப் பின் வரும், அளவு அங்குலமா மில்லிமீட்டரா என்பதெல்லாம் தனியே தெரிய வேண்டும். ஓர் இலக்கம் தள்ளிப் படித்தால் பத்து சென்டிமீட்டர் போர்டின் துளைகள் எல்லாம் ஒரு சென்டிமீட்டருக்குள் வந்து குவிந்துவிடும். இது திரையில் பார்த்த உடனே தெரியும் பிழை என்பதால் பரவாயில்லை. திருகு மாட்டும் துளைக்குள் செம்பு ஏற வேண்டுமா வேண்டாமா என்று சொல்லாமல் விடுவது அப்படித் தெரியாது. 1 மில்லிமீட்டர் என்று எழுதியிருப்பது செம்பு ஏறிய பிறகு மிஞ்சும் அளவா, ட்ரில் பிட்டின் அளவா என்பதும் அப்படித்தான். உள்சுவரில் செம்பு படியும்போது துளை சற்றுச் சுருங்கும். செம்பு ஏறிய பிறகு துளை எவ்வளவு இருக்க வேண்டும் என்று எங்களிடம் சொன்னால் போதும், பிட்டை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

மாஸ்க் அடுக்கு இன்னொரு குழப்பம். அந்த ஃபைலில் வரைந்திருக்கும் இடங்களில் பச்சைப் பூச்சு வராது, மற்ற இடமெல்லாம் வரும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, திறப்பு இருக்க வேண்டிய பேடுகளை (உதிரிபாகங்களை ஈயம் வைத்து ஒட்டும் செம்புத் திட்டுகளை) ஃபைலிலிருந்து அழித்துவிடுகிறார்கள். அப்படியே செய்தால் பேடின் மேல் பூச்சு ஏறிவிடும், ஈயம் ஒட்டாது.

கீழ்ப்பக்கத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போல் திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. அச்சடித்த தாளைப் போர்டின் மேல் வைத்து அயர்ன் பாக்ஸால் தேய்த்து, ஃபெரிக் குளோரைடில் முக்கி ஆய்வகத்தில் போர்டு செய்து பழகிய கை அது. எந்தப் பக்கத்தைத் திருப்ப வேண்டும் என்ற கேள்வி அங்கே உண்டு, எங்களிடம் கிடையாது. எல்லா அடுக்கையும் மேலிருந்து ஊடுருவிப் பார்ப்பதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். கீழ் காப்பரில் எழுதிய எழுத்து திரையில் இடவலம் மாறித் தெரிந்தால் ஃபைல் சரி. நேராகப் படிக்க முடிந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். திருப்பி அடித்த போர்டில் பழைய வகை ஐசியைக்கூட மறுபக்கத்திலிருந்து செருகி ஒப்பேற்றலாம். மேற்பரப்பில் ஒட்டும் சிப்பை ஒன்றும் செய்ய முடியாது.

எனக்கு மிகவும் பயம் தருவது கிரவுண்ட் காப்பர், அதாவது கிரவுண்டோடு இணையும் செம்புப் பரப்பு. காலியிடம் முழுக்கச் செம்பை நிரப்பிய பின், கடைசி நேரத்தில் ஒரு ட்ராக்கை (மின்சாரம் ஓடும் செம்புக் கோட்டை) நகர்த்துவார்கள். நிரப்பியதைப் புதுப்பிக்காமல் ஃபைல் எடுத்தால், நகர்ந்த ட்ராக் பழைய செம்பின் மேலேயே ஓடும். முழு ஷார்ட். எந்தப் புள்ளி எதோடு இணைய வேண்டும் என்று சொல்லும் நெட்லிஸ்ட் ஃபைலும் சேர்த்து அனுப்பியிருந்தால் எங்கள் மென்பொருள் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லிவிடும். மாணவர்களிடமிருந்து அது வருவதே அபூர்வம். அது இல்லையென்றால் அந்தச் செம்பு வேண்டுமென்றே தொட்டதா, தவறிப்போய்த் தொட்டதா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

இத்தனையையும் அனுப்பும் முன் திறந்து பார்த்தாலே பெரும்பாலும் பிடித்துவிடலாம். கைகேட்டோடு கெர்பர் பார்க்கும் கருவியும் சேர்ந்தே வருகிறது, காசு கிடையாது. டிசைன் செய்த திரையில் பார்ப்பது கணக்கில்லை. எடுத்த ஃபைலையே புதிதாகத் திறந்து, அடுக்குகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும். கல்யாணப் பத்திரிகைக்கு ப்ரூஃப் பார்க்காத வீடு உண்டா?

எங்கள் தொழிலில் இருப்பவர்களையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிழையைக் கண்டதும் கேட்காமலே தாங்களாகத் திருத்திவிடும் தொழிற்கூடங்கள் உண்டு. லெஜண்ட் எழுத்து பேடின் மேல் ஏறியிருந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடுவது எல்லோரும் செய்வது, அதில் தப்பில்லை. ஆனால் ட்ராக் இடைவெளியை அகட்டுவது, துளையைப் பெரிதாக்குவது போன்றவற்றைச் சொல்லாமல் செய்யக் கூடாது. மாணவர் கையில் இருக்கும் ஃபைல் அந்தப் பிழையோடுதான் இருக்கும். அடுத்த முறை அதே ஃபைலை வேறு இடத்தில் கொடுத்து, போர்டு வேலை செய்யாமல் போனால், "போன தடவை நன்றாகத்தானே வந்தது" என்பார்கள்.

2025 மார்ச்சில் மத்திய அரசு 22,919 கோடி ரூபாய்க்கு மின்னணு உதிரிபாக உற்பத்தித் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. பல அடுக்கு பிசிபியும் அதில் அடக்கம். பல அடுக்கு போர்டில் உள் அடுக்குகளை ஒட்டி அழுத்திய பிறகு உள்ளே இருக்கும் பிழையைத் திருத்த வழியே கிடையாது. அந்த வேலைக்குப் போகப்போகிற பிள்ளைகளுக்கு இப்போதே இது பழக வேண்டாமா? சர்க்யூட் வரைவதற்கு ஒரு செமஸ்டர் முழுக்க ஆய்வகம் வைக்கிற கல்லூரிகள், ஃபைல் எடுத்துச் சரிபார்ப்பதற்கு ஒரே ஒரு வகுப்பு ஒதுக்கட்டும். புராஜெக்ட் மதிப்பெண்ணில் கொஞ்சத்தை அதற்கு வைத்தால் பிள்ளைகள் தாமாகவே பார்ப்பார்கள்.

அப்புறம், ஜிப் ஃபைலுக்குள் ஒரு சின்னக் குறிப்பும் போடச் சொல்லுங்கள். போர்டின் தடிமன், செம்பின் தடிமன், மாஸ்க் நிறம், எத்தனை போர்டு என்பதோடு எடுக்கிற கைபேசி எண் ஒன்றும் அதில் வேண்டும். சந்தேகம் கேட்டு நாங்கள் அனுப்பும் மெயில் ஸ்பேமில் கிடக்கும், ரிவ்யூவுக்கு முந்தைய நாள் வந்து "போர்டு ரெடியா?" என்று கேட்பார்கள்.

இப்படிக்கு,
கேம் பிரிவு ஊழியர் (பெயர் வெளியிட வேண்டாம்),
கோவை.