மாடு ஏன் நின்றுவிடுகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வண்டியில் ஏற மறுக்கும் மாட்டின் வாலை முறுக்குவதையும், தார்க்குச்சியால் குத்துவதையும், சுற்றி நின்று கூச்சலிடுவதையும் வேறு வழியில்லாத செயல்களாகவே பலரும் கருதுகிறார்கள். பல ஆண்டுகளாக மாடுகளோடு பழகிவரும் எனக்கு அது பெரும் வேதனையைத் தருவதால் இதை எழுதுகிறேன்.

அண்மையில் ஒரு கறவை மாட்டை வண்டியில் ஏற்ற மூவர் அரை மணி நேரம் போராடினார்கள். முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டு அது நகர மறுக்கவே, ‘சண்டி மாடு’ என்று ஒருவர் தடியை ஓங்கினார். அவரைத் தடுத்துவிட்டு, மாட்டின் தலையருகே குனிந்து அது பார்த்த திசையில் நானும் பார்த்தேன். ஏற்றுப்பலகையின் ஓரத்தில் தேங்கியிருந்த நீரில் வெயில் பட்டுக் கண் கூசியது. அதன்மேல் வைக்கோலைப் பரப்பி, எல்லோரையும் விலகி நிற்கச் சொன்னேன். மாடு தலையைத் தாழ்த்தி முகர்ந்தது, ஒரு காலை வைத்துப் பார்த்தது, பிறகு தானாகவே ஏறியது.

கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால் மாட்டால் ஏறத்தாழ 330 பாகை அளவுக்குச் சுற்றிலும் பார்க்க முடியும். ஆனால் நேர் பின்னே நிற்பவர் அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை, ஆழத்தைக் கணிக்கும் திறனும் அதற்கு நம்மைவிடக் குறைவு. ஆகவே தரையில் விழும் நிழலும், காற்றில் ஆடும் சங்கிலியும்கூட அதை மிரள வைக்கும். இவற்றை முதலில் அகற்றுங்கள் என்றுதான் அமெரிக்கக் கால்நடை அறிவியல் பேராசிரியர் டெம்பிள் கிராண்டினும் பல்லாண்டுகளாக வலியுறுத்திவருகிறார். மாட்டின் தோளுக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில் நின்று ஓரடி நெருங்கினால் அது முன்னே நகரும். நகர்ந்த உடனே நாம் ஓரடி விலகிவிட வேண்டும். நடந்தால் தொந்தரவு நின்றுவிடும் என்பதை மாடு அந்த விலகலிலிருந்தே கற்றுக்கொள்கிறது. நடக்கத் தொடங்கிய மாட்டையும் விடாமல் விரட்டுகிறவர்கள் அந்த நம்பிக்கையைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள்.

மிரண்ட மாடு அமைதியடைய 20 முதல் 30 நிமிடங்கள் ஆகலாம். அச்சத்தில் சுரக்கும் அட்ரினலின் பால் இறங்குவதையும் தடுத்துவிடும் என்பதால், தடியெடுத்தவருக்கு நேரமும் மிச்சமில்லை, பாலும் இல்லை.

தீவனம், தடுப்பூசி பற்றிச் சொல்லித்தரும் அக்கறையோடு மாட்டை நடத்திச் செல்லும் முறையையும் கால்நடைப் பயிற்சிகளில் சொல்லித்தர வேண்டும். தங்கள் வேளாண் பக்கத்திலும் இதற்கு இடமளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாடு வளர்ப்பவர் ஒருவர்