விலையைப் பார்க்குமுன் எடையைப் பார், தாயி

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. மாப்பிள்ளைக்கு நைட் ஷிப்ட் முடிந்துவிட்டதா? உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது மனசிலேயே நிற்கிறது. "எதுவும் பெருசா விலை ஏறலப்பா, வாங்குறதும் அதே லிஸ்ட்தான், ஆனா இருபதாம் தேதிக்கே சாமான் தீர்ந்துபோகுது" என்றாய். அம்மா சட்டென்று "பார்த்துப் புழங்கு" என்று சொல்லிவிட்டாள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. உன் கை தாராளக் கை இல்லை என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் மளிகைக்கடை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், உன் வீட்டுக்குள் வருகிற சரக்கே குறைந்துவிட்டது.

லைனுக்கு வரும் சேல்ஸ்மேன் "அண்ணாச்சி, ரேட் அதேதான்" என்று சொன்னால் நான் முதலில் ஒரு பாக்கெட்டை எடுத்துத் தராசில் வைப்பேன். ஐந்து ரூபாய் பிஸ்கட் ஐந்து ரூபாயாகவே இருக்கும், கிராம் மட்டும் இறங்கியிருக்கும். கையில் ஐந்து ரூபாய்க் காசோடு வரும் பிள்ளையிடம் ஐந்தரை ரூபாய் கேட்க முடியாது என்று கம்பெனிக்குத் தெரியும். அதனால் மாவும் எண்ணெயும் சர்க்கரையும் ஏறும்போது விலையைத் தொடாமல் எடையைத் தொடுகிறார்கள். சட்டப்படி இதில் தவறில்லை. எடையை உறையில் அச்சடித்துத்தான் விற்கிறார்கள். ஆனால் முன்பைவிடக் குறைத்திருக்கிறோம் என்று பெரிய எழுத்தில் சொல்ல யாரும் முன்வருவதில்லை. அது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது.

முன்பு இதற்கு ஒரு கட்டு இருந்தது. பிஸ்கட், டீத்தூள், சமையல் எண்ணெய், சோப்பு போன்ற சாமான்களை இன்னின்ன அளவில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று 2011ஆம் வருஷத்து விதிகளில் ஒரு பட்டியல் இருந்தது. 2022இல் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக, ஒரு கிராம் அல்லது ஒரு மில்லி என்ன விலை என்பதையும் உறையில் போட வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். ஒரு கிலோவுக்கோ லிட்டருக்கோ மேலே போனால் கிலோ விலை, லிட்டர் விலை. எம்.ஆர்.பி. பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். நீ அதைப் படிக்கப் பழக வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அடுப்படியில் இருக்கும் எண்ணெய் பாக்கெட்டை எடுத்துப் பார். ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் கூடவே 910 கிராம் என்று இருக்கும். எண்ணெய் தண்ணீரைவிட லேசு, லிட்டர் ஒரு கிலோ வராது. அது சரியான கணக்கு. அதே உயரம், அதே அகலத்தில் 850 கிராம், 800 கிராம் பாக்கெட்டும் இப்போது பக்கத்திலேயே அடுக்கி வைத்திருக்கிறார்கள். 910 கிராம் 150 ரூபாய், 800 கிராம் 142 ரூபாய் என்று வைத்துக்கொள். கை தானாக 142க்குத்தான் போகும். கணக்குப் போட்டால் முதலாவது கிராம் பதினாறரைப் பைசா, இரண்டாவது பதினேழே முக்கால். மலிவு என்று எடுத்ததுதான் கூடுதல் விலை.

பெரிதாக வாங்கினால் எப்போதும் லாபம் என்றும் நம்பாதே. ஷாம்பில் பல நேரம் பாட்டிலைவிட சாஷே என்கிற சின்னப் பாக்கெட்தான் மில்லிக்கு மலிவு. அந்த சாஷே வியாபாரத்துக்கு நம் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன் முன்னோடி. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்பைக் கொண்டுவந்தார். நம் கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கியது உனக்கு நினைவிருக்கும்.

இன்னொன்று, ஸ்வீட் கடை. அட்டைப்பெட்டியோடு சேர்த்து எடை போட விடாதே. பெட்டி 50 கிராம் இருந்தால், கிலோ 800 ரூபாய் இனிப்பில் அட்டைக்கு மட்டும் நாற்பது ரூபாய் கொடுக்கிறாய். "காலிப் பெட்டியை வச்சு ஜீரோ பண்ணிட்டுப் போடுங்க" என்று சொல். அப்படிக் கேட்டால் கஞ்சம் என்று நினைப்பார்கள் என்றுதானே தயங்குகிறாய்?

நம் கடையில் இரும்பு எடைக்கல் இருந்த காலத்தில், அடிப்பக்கம் ஈயம் ஊற்றிய குழி இருக்கும். தொழிலாளர் துறை முத்திரை ஆய்வாளர் சோதித்துவிட்டு அந்த ஈயத்தில்தான் முத்திரை அடிப்பார். பின்தெருவிலிருந்து ஒரு பாட்டி கால் கிலோ பருப்பு வாங்க வருவார். கல்லைக் கையில் எடுத்து, கவிழ்த்து, விரலால் அந்த முத்திரையைத் தடவிப் பார்த்த பிறகுதான் "போடுப்பா" என்பார். எனக்கு ஒருநாளும் அது அவமானமாக இருந்ததில்லை. அவர் வந்தாலே நான் எழுந்து நிற்பேன். கூலி வேலையில் சேர்த்த காசை எண்ணிக் கொடுக்கிறவர் கொடுத்த காசுக்குச் சரக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார், அவ்வளவுதான். யோக்கியமான கடைக்காரன் கோபப்பட மாட்டான்.

எம்.ஆர்.பி.க்கு மேலே யாராவது வாங்கினால் பில்லைக் கேள். தரவில்லை என்றாலும் 1915க்கு போன் போட்டுப் புகார் சொல்லலாம், அது நுகர்வோர் உதவி எண். தண்ணீர் பாட்டில்தானே என்று விடாதே.

கேஸ் சிலிண்டருக்கும் இதே வழிதான். உள்ளே 14.2 கிலோ கேஸ் இருக்க வேண்டும். கைப்பிடியைத் தாங்கும் பட்டையில் காலி சிலிண்டரின் எடை எழுதியிருக்கும். இரண்டையும் கூட்டினால் வருவதுதான் மொத்த எடை. கொண்டுவருகிறவரிடம் தராசு இருக்க வேண்டும், எடை போட்டுக் காட்டச் சொல்லலாம், மரியாதையாகவே கேள். அதே பட்டையில் ஒரு எழுத்தும் வருஷமும் இருக்கும். 'சி-28' என்றால் 2028 ஜூலை முதல் செப்டம்பருக்குள் அந்தச் சிலிண்டரை மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், டி கடைசி மூன்று மாதம். தேதி கடந்ததாக இருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பு. இதை மட்டும் மறக்காதே, வீட்டில் சின்னப்பிள்ளை இருக்கிறது.

கீழமாசி வீதியில் மிளகாயும் மல்லியும் வாங்கி, காயவைத்து அரைத்தாயிற்று. சாம்பார்ப்பொடி ஒரு கிலோ, மிளகாய்த்தூள் அரைக் கிலோ தனித்தனியாகக் கட்டியிருக்கிறாள் அம்மா. சித்தப்பா வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வருகிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறோம். பேரனுக்கு என் முத்தம்.

அன்புடன்,
அப்பா