மர லேத்தின் அடிவேகம்: தீர்வு புல்லியில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறிய மரக் கடைசல் லேத்துகளை இணையத்தில் வாங்கி வீட்டிலேயே வேலை செய்வோர் பெருகிவருகிறார்கள். குமிழைத் திருகி வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம் என்பதுதான் இவற்றின் விளம்பரம். எவ்வளவு கூட்டலாம் என்பதைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள்: 3,800, 4,000 ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு அத்தனை சுற்று. எவ்வளவு குறைக்கலாம் என்பதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இவற்றில் பல 500, 650, 750 என்ற அளவுக்குக் கீழே இறங்குவதே இல்லை. பம்பரம், மத்து, சப்பாத்திக் கட்டை கடைவோருக்கு இது குறையே அல்ல. ஒல்லியான உருப்படி வேகத்தில்தான் வழவழப்பாக வரும். அரக்குச் சாயம் ஏற்றவும் உராய்வுச் சூடு வேண்டும். ஆனால் அதே எந்திரத்தில் 10 அங்குலப் பூவரசுத் துண்டை மாட்டி மரவை எனும் மரக்கிண்ணம் கடைய வருபவருக்கு 750 என்பது ஆபத்தான வேகம்.

காரணம் எளிய கணக்கு. பச்சை மரத்துண்டு எப்போதும் ஒரு பக்கம் கனமாக இருக்கும். மையத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி வெறும் 100 கிராம் கூடுதலாக இருந்தாலும், 750 ஆர்.பி.எம்.மில் அது ஏறக்குறைய 6.3 கிலோ எடைக்குச் சமமான விசையோடு ஒவ்வொரு சுற்றிலும் எந்திரத்தை உலுக்கும். வேகத்தை 250க்கு இறக்கினால் அந்த உலுக்கல் 0.7 கிலோவாகிவிடும். வேகம் மூன்றில் ஒரு பங்கானால் விசை ஒன்பதில் ஒரு பங்காகிறது. மேசையே நடுங்கும்போது எந்திரத்தில் கோளாறு என்று பலர் நினைக்கிறார்கள். கோளாறு வேகத்தில்தான்.

முதலில், செலவில்லாத ஒரு வேலை. லேத்தின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கின் மூடியைத் திறந்து, பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியின் எந்தப் படியில் பெல்ட் இருக்கிறது என்று பாருங்கள். மோட்டாரில் சிறிய படி, மரத்தைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலில் பெரிய படி என்பதுதான் மெதுவான நிலை. நடுப்படியிலேயே பெல்ட்டை விட்டுவிட்டுக் குமிழோடு மல்லுக்கட்டுவோர் நிறைய. பிறகு உண்மையான வேகத்தை அளந்துகொள்ளுங்கள். வேகம் அளக்கும் டேகோமீட்டர் இல்லையென்றால், நொடிக்கு 240 படம் எடுக்கும் செல்போனில் ஸ்லோமோஷனாகப் படம்பிடித்து, ஸ்பிண்டிலில் இட்ட சாக்பீஸ் குறி ஒரு முழுச் சுற்று வர எத்தனை படங்கள் ஆகின்றன என்று எண்ணுங்கள். 14,400ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஆர்.பி.எம். வரும். 60 படங்கள் என்றால் 240 ஆர்.பி.எம்.

அடுத்து எல்லோரும் கைவைக்கும் இடம் கண்ட்ரோல் போர்டு. கரித்துண்டு உள்ள டிசி மோட்டாருக்கான பல போர்டுகளில் பிரீசெட் எனும் சிறு திருகுகள் இருக்கும். ஒன்று குறைந்தபட்ச வேகம், ஒன்று அதிகபட்ச வேகம், ஒன்று மின்னோட்ட வரம்பு, ஒன்று ஐ.ஆர். எனப்படும் சுமை ஈடு. குறைந்தபட்ச வேகத்தின் பிரீசெட்டைத் தொழிற்சாலையில் சற்று மேலேயே வைத்திருப்பார்கள். அதைக் கொஞ்சம் இறக்கலாம். ஆனால் அந்த போர்டு முழுவதும் மெயின் மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருப்பது. 230 வோல்ட்டைத் திருத்தி மின்தேக்கியில் சேமிக்கும் வகையானால் உள்ளே ஏறத்தாழ 325 வோல்ட் டிசி இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சற்று நேரம் தங்கும். மல்டிமீட்டரில் அளந்து பார்த்து, வோல்ட் இறங்கிய பிறகே தொடுங்கள். பழைய நிலையை மார்க்கரால் குறித்துக்கொண்டு, பிளாஸ்டிக் முனைத் திருப்புளியால் எட்டில் ஒரு சுற்று திருப்பி, மூடிப் போட்டு, ஓட்டிப் பார்த்து, மறுபடி நிறுத்தித் திருப்புங்கள். அளவுக்கு மீறி இறக்கினால் மோட்டார் சுற்றாமல் முனகும். அந்த நிலையில் விட்டுவைத்தால் கரித்துண்டு, தான் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரின் ஒரே இடத்தைக் கருக்கிவிடும். குமிழ் கீழ்க்கோடியில் இருக்கும்போது ஸ்பிண்டில் தயங்காமல் புறப்படும் இடமே எல்லை. உளி பட்டதும் வேகம் விழுந்தால் ஐ.ஆர். பிரீசெட்டைக் கொஞ்சம் கூட்டலாம். மோட்டார் ஏறி இறங்கித் துடிக்கத் தொடங்கினால் கூடிவிட்டது என்று பொருள். மின்னோட்ட வரம்பைத் தொடவே வேண்டாம். குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால்தான் ஓடும் என்ற பாதுகாப்பு ஏற்பாடு இருந்தால் அதையும் முறிக்காதீர்கள்.

இப்படிக் கிடைப்பது மெதுவான சுழற்சி மட்டுமே, இழுவை கூடுவதில்லை. முக்கால் எச்.பி. மோட்டாரை ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டினால் அதனிடமிருந்து கிடைப்பது 0.15 எச்.பி.தான். மோட்டாரின் சொந்த விசிறியும் அதே தண்டில் இருப்பதால் காற்றும் குறைந்துபோகிறது. உளி அழுத்த அழுத்த மின்னோட்டம் ஏறும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சுருளில் சூடு நான்கு மடங்கு. வார்னிஷ் கருகும் வாடை வந்தபின் நிறுத்துவதில் பயனில்லை.

எனவே நிரந்தரத் தீர்வு புல்லிதான். இங்கேதான் பொறுமையும் செலவும் தேவை. மோட்டார்ப் புல்லியை இன்னும் சிறிதாக்கலாமே என்று தோன்றும். சிறு லேத்துகளில் வரும் ‘ஜே’ வகை ரிப் பெல்ட்டுக்கு (நீளவாக்கில் வரிகள் உள்ள தட்டைப் பெல்ட்) புல்லி 20 மி.மீ.க்குக் குறையக் கூடாது. குறைந்தால் பெல்ட் வழுக்கும், வெடிக்கும். ஆகவே மோட்டாருக்கும் ஸ்பிண்டிலுக்கும் இடையில் கவுண்டர் ஷாப்ட் எனும் ஒரு துணைத் தண்டு போட வேண்டும். 20 மி.மீ. தண்டு, பேரிங் கடையில் கிடைக்கும் யு.சி.பி. 204 பிளம்மர் பிளாக் (தண்டைத் தாங்கும் பேரிங் கூடு) இரண்டு. மோட்டாரை ஹெட்ஸ்டாக்கிலிருந்து இறக்கி, மேசைக்குக் கீழே கீல் வைத்த பலகையில் பொருத்தினால் அதன் எடையே பெல்ட்டை இறுக்கிவைக்கும். மோட்டாரில் இருந்த படிப் புல்லியைக் கவுண்டர் ஷாப்ட்டுக்கு மாற்றுங்கள். துளை பொருந்தாவிட்டால் கடைசல் பட்டறையில் பெரிதாக்கியோ புஷ் போட்டோ தருவார்கள். மோட்டாரில் 30 மி.மீ. புல்லி, கவுண்டர் ஷாப்ட்டில் 75 மி.மீ. புல்லி என்றால் விகிதம் 2.5. மெதுவான படியில் 600 இருந்தது 240 ஆகும். பெல்ட்டில் போகும் சிறு இழப்பு நீங்கலாக ஸ்பிண்டிலின் இழுவை இரண்டரை மடங்காகும். மோட்டாரோ தன் பழைய வேகத்திலேயே ஓடி, காற்று வாங்கிக்கொண்டிருக்கும். உச்ச வேகமும் அதே விகிதத்தில் குறையும் என்பதால், சிறு உருப்படிகளும் செய்வோர் மோட்டாருக்கும் கவுண்டர் ஷாப்ட்டுக்கும் இடையிலான முதல் கட்டத்திலும் இரண்டு படி வைத்துக்கொள்வது நல்லது. ‘ஏ’ வகை வீ பெல்ட் போடுவோர் 75 மி.மீ.க்குச் சிறிய புல்லியைத் தவிர்க்க வேண்டும். 2 அங்குலப் புல்லி கடையில் கிடைக்கிறது என்பதற்காக அது சரியாகிவிடாது.

பெல்ட் ஒரே நேர்கோட்டில் ஓடுகிறதா என்று நேர்விளிம்பு வைத்துப் பாருங்கள். மோட்டாரைத் திருப்பி மாட்டியிருந்தால் சுழற்சித் திசை மாறும். வேலையின்போது, மரத்தைப் பிடிக்கும் சக் ஸ்பிண்டிலின் மரையிலிருந்து கழன்று வெளியே வரும். டிசி மோட்டாரானால் அதன் இரு கம்பிகளை இடம் மாற்றினால் போதும். புல்லிகளுக்கு மூடி கட்டாயம் வேண்டும்.

சாதாரண ஒற்றைக்கட்ட ஏசி மோட்டாருக்கு ஃபேன் ரெகுலேட்டர் போடும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெப்பாசிட்டர் ஸ்டார்ட் மோட்டாரில் வேகம் விழுந்தால் உள்ளிருக்கும் சுவிட்ச் மீண்டும் மூடி ஸ்டார்ட் சுருளை இணைத்துவிடும். சில நொடிகளுக்கு மட்டுமே தாங்கும் சுருள் அது, எரிந்துபோகும். மாற்றாக, மூன்றுகட்ட மோட்டாரும், மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி.யும் வைத்துக்கொள்ளலாம். வீட்டின் 230 வோல்ட் ஒற்றைக்கட்ட மின்சாரத்தில் ஓடும் வி.எஃப்.டி.யோடு 415 வோல்ட் ஸ்டார் இணைப்பு மோட்டாரை இணைப்பதானால், அதன் சுருள் இணைப்பை 230 வோல்ட்டுக்கான டெல்டாவாக மாற்ற வேண்டும்; அதற்கு இடமுண்டா என்று பெயர்ப்பலகையைப் பார்த்துச் செய்யுங்கள். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே நெடுநேரம் ஓட்டுவதானால் தனி விசிறி வேண்டும்.

விற்பனையாளர்களிடம் ஒரே கோரிக்கை: ஒவ்வொரு பெல்ட் படியிலும் குறைந்தபட்ச ஆர்.பி.எம். எவ்வளவு என்பதையும், அந்த எந்திரம் கொள்ளும் மிகப் பெரிய விட்டத்தையும் விளம்பரத்தில் அருகருகே அச்சிடுங்கள். 10 அங்குலம் கொள்ளும் என்று எழுதிவிட்டு 750க்குக் கீழே இறங்காத எந்திரத்தைத் தருவது வாங்குபவரின் முகத்துக்கு நேரே மரத்தை எறிவது போன்றது.

இப்படிக்கு,
மரக் கடைசல் எந்திரங்கள் பழுதுபார்ப்பவன்,
காரைக்குடி