நீ அனுப்பிய தாஜ்மஹால் படம்

என் செல்ல மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அத்தா எழுதுகிறேன்.

தாஜ்மஹால் நுழைவாசல் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். "பாதி எழுத்தை வாசிக்கவே முடியலையே அத்தா, எதுக்கு இவ்வளவு மெனக்கெட்டு எழுதினாங்க?" என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை.

அந்த வாசலைச் சுற்றி ஓடுவது குர்ஆனின் ஸூரத்துல் ஃபஜ்ர் என்ற அத்தியாயம். சின்ன வயதில் நீ மனப்பாடம் செய்ததுதான். தோட்டத்துக்குள் கால் வைக்கப் போகிறவரிடம், "என் சுவனத்தில் நுழைவாயாக" என்று அதன் கடைசி வசனம் சொல்கிறது. எழுதியவர் ஈரானின் ஷீராஸிலிருந்து வந்த அமானத் கான். மேலே போகப் போக எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறார், கீழே நிற்பவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே அளவாகத் தெரியட்டும் என்று. படிக்கிறவரை அவர் மறக்கவே இல்லை, பார்! ஓதத் தெரிந்தவருக்கு இரண்டு சொல் பிடிபட்டால் போதும், மீதி தானாக நாவில் வந்துவிடும். அடுத்த முறை அப்படிப் படித்துப் பார்.

உருவம் வரையக் கூடாது என்பதால்தான் எழுத்துக் கலை வளர்ந்தது என்று பலர் சொல்வார்கள். அது ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் எனக்கு அது போதவில்லை. குர்ஆனில் முதலில் இறங்கிய வசனங்களிலேயே "எழுதுகோலைக் கொண்டு கற்றுக்கொடுத்தான்" என்று வருகிறதே. எழுதுகோல் மீது சத்தியமிட்டுத் தொடங்கும் ஸூரா ஒன்றும் இருக்கிறது. ஓதும்போது நாவுக்குக் கிடைக்கிற பங்கு, எழுதும்போது கைக்குக் கிடைக்கிறது. ஜெருசலேமில் ஹிஜ்ரி 72-இல் கட்டிய குப்பத்துஸ் ஸக்ராவின் (பாறைக் குவிமாடம்) உள்ளேயே குர்ஆன் வசனங்களை மொசைக்கில் பதித்துவிட்டார்கள்.

நான் இப்போது நாணல் பேனா பிடிக்கப் பழகுகிறேன், தெரியுமா? நுனியைச் சாய்வாகச் சீவி, மையில் தொட்டுக் காகிதத்தில் அழுத்தி இழுத்தால் சாய்சதுரமாக ஒரு புள்ளி விழும். அந்தப் புள்ளிதான் அளவுகோல். அரபியின் முதல் எழுத்தான அலிஃப், நஸ்க் என்ற எழுத்துப் பாணியில் ஐந்து புள்ளி உயரம், துலுத் என்ற பாணியில் ஏழு. பேனா தடித்தால் எல்லாமே அதே கணக்கில் தடிக்கும். எழுத்துக்கு இப்படி அளவு வகுத்தவர் என்று பாக்தாதின் இப்னு முக்லாவைச் சொல்வார்கள். வஸீராக, அதாவது அமைச்சராக, இருந்தவர். அரசியல் பகையில் அவர் வலக்கையை வெட்டிவிட்டார்கள். வெட்டுப்பட்ட அந்தக் கையின் மிச்சத்தில் பேனாவைக் கட்டிக்கொண்டு எழுதினாராம். கி.பி. 940-இல் சிறையிலேயே இறந்தார். அலிஃப் போடும்போதெல்லாம் அவர் நினைவு வருகிறது, மனசு கனத்துவிடுகிறது.

உஸ்மானிய (துருக்கி) எழுத்துக் கலை ஆசான்கள் மாணவனுக்குக் கொடுக்கும் முதல் பாடமே ஒரு துஆ: "ரப்பி யஸ்ஸிர் வலா துஅஸ்ஸிர், ரப்பி தம்மிம் பில்கைர்." இறைவா, எளிதாக்கு, கடினமாக்காதே, நல்லபடியாக முடித்து வை. பல வாரங்களாக அதையேதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். சிவப்புப் புள்ளிகள் நான் அளந்து பார்த்தவை. "ரப்பி"யில் உள்ள பே என்ற எழுத்து இன்னும் சரியாக வளையவில்லை. அப்புறம், லீவில் வரும்போது உன் கைக்கும் ஒரு பேனா சீவி வைக்கிறேன்.

துஆவுடன்,
அத்தா